பெட்டியைப் பிரிக்கும் முன்னால் ஒரு நோட்டு வாங்குங்கள்

கேள்வி: அம்மா காலமாகி ஒரு வருஷம் ஆகிறது. தேவகோட்டைப் பக்கம் உள்ள பூர்வீக வீட்டை விற்கப் பேசி முடித்துவிட்டோம், தை பிறந்ததும் பத்திரப் பதிவு. பரணில் இரண்டு டிரங்குப் பெட்டியும் ஒரு மரப்பெட்டியும் இருந்தன. எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, ரங்கூனில் ஒரு லேவாதேவிக் கடையில், அதாவது வட்டிக்கடையில், அடுத்தாளாக (உதவியாளாக) வேலை பார்த்தவர். அவர் எழுதிய கடிதங்கள், கணக்கு நோட்டுகள், போட்டோக்கள், திறந்தாலே புளித்த வாடை அடிக்கும் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய நெகட்டிவ்கள், ஓலைச்சுவடி ஒரு கட்டு, தஞ்சாவூர்ப் படம் ஒன்று, அப்பத்தாவின் கூறைப்புடவை, பெயர் வெட்டிய பித்தளைப் பாத்திரங்கள், அப்பத்தா தாலாட்டுப் பாடிப் பதிந்த கேசட் எல்லாம் கிடைத்தன. கடிதங்களை எங்களால் படிக்க முடியவில்லை. பாத்திரங்களை எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார் அண்ணன். சுவடியையும் தஞ்சாவூர்ப் படத்தையும் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகிறேன் என்கிறாள் தங்கை. நான் எல்லாவற்றையும் வகைவகையாகப் பிரிக்க ஆரம்பித்திருக்கிறேன். ஒரு சிவப்புத் துணி முடிச்சில் சாவி, இரண்டு கடிதம், குழந்தையின் வெள்ளி அரைஞாண் என்று கலந்து கிடந்ததைக்கூடப் பிரித்துவிட்டேன். போட்டோக்களை லேமினேட் செய்துவிடலாம் என்று இருக்கிறேன். எதை வைத்துக்கொள்வது, எப்படி வைத்துக்கொள்வது?
ஒரு வாசகி, மதுரை

பதில்:

சகோதரிக்கு வணக்கம். வகை பிரிப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள், லேமினேஷன் கடைக்கும் போக வேண்டாம். மற்றதைப் பொறுமையாகப் பேசலாம், இந்த இரண்டும் மட்டும் உடனே.

பழைய பெட்டி கைக்கு வந்தால் எல்லோரும் செய்வது நீங்கள் செய்ததைத்தான். கடிதம் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம், துணி ஒரு பக்கம் என்று அடுக்குவோம், பார்க்கவும் ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சிவப்புத் துணி முடிச்சைப் போட்டவர் உங்கள் அப்பத்தாவாகத்தான் இருக்க வேண்டும். ஒரு சாவியையும் இரண்டு கடிதத்தையும் ஒரு குழந்தையின் அரைஞாணையும் அவர் காரணமில்லாமல் சேர்த்துக் கட்டியிருக்க மாட்டார். கடிதம் கடிதங்களோடும் சாவி பழைய இரும்போடும் போய்விட்டால் மூன்றும் ஊமையாகிவிடும். அந்த அரைஞாண் யாருடையது என்று இனி யாரும் சொல்ல முடியாது. பழைய பொருள்களைப் பாதுகாக்கும் எங்கள் தொழிலில் ஒரு பெட்டி வந்தால் பொருளைப் பார்ப்பதற்கு முன்னால், எது எதோடு இருந்தது, எதற்கு மேல் எது கிடந்தது என்றுதான் பார்ப்போம். பாதிக் கதை அந்தக் கிடப்பில்தான் இருக்கிறது.

நீங்கள் பிரித்து அதிக நாள் ஆகியிருக்காது. இன்றைக்கே உட்கார்ந்து, எந்தப் பெட்டியில் எது இருந்தது, எது எந்தத் துணியில் கட்டியிருந்தது என்று ஞாபகம் இருக்கிற வரை எழுதிவிடுங்கள். அந்த முடிச்சைத் திரும்பக் கட்ட முடிந்தால் அதே துணியில் அதே பொருள்களை வைத்துக் கட்டி, ஒரு சீட்டில் ‘முடிச்சு 1, பெரிய டிரங்கில் இருந்தது’ என்று எழுதி உள்ளே போடுங்கள். இன்னும் பிரிக்காத பெட்டி இருந்தால் கை வைக்கும் முன்னால் மேலிருந்து ஒரு போட்டோ, ஒவ்வொரு அடுக்காக எடுக்கும்போதும் ஒரு போட்டோ. போன் கேமரா போதும். ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் ஓரமாக நிழலான வெளிச்சத்தில் எடுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டு வாங்குங்கள். நீள அக்கவுண்ட் நோட்டு நல்லது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். எண்ணுக்கு நேராக அது என்ன, எங்கே இருந்தது, எதோடு இருந்தது, அதைப் பற்றி யார் என்ன சொன்னார்கள், இந்த நான்கும் வேண்டும். யார் சொன்னார்கள் என்பதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ‘இது ஐயா பர்மாவிலிருந்து கொண்டுவந்தது’ என்று அண்ணன் சொன்னதற்கும் உங்கள் அத்தை சொன்னதற்கும் எடை வேறு. பொருளின் மேல் எண்ணை எழுத வேண்டாம், ஸ்டிக்கரும் வேண்டாம். சின்ன அட்டையில் பென்சிலால் எழுதி நூலால் கட்டுங்கள், தாளாக இருந்தால் உறையின் மேல் எழுதுங்கள். எண் விழுந்துவிட்டால் பிறகு தைரியமாகப் பிரிக்கலாம். புடவையையும் நெகட்டிவையும் ஒரே பெட்டியில் வைக்க முடியாது, பிரித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் 14-ஆம் எண் புடவையும் 15-ஆம் எண் கடிதமும் ஒரே மூட்டையில் இருந்தவை என்பது நோட்டில் இருக்கும்.

அத்தை என்று நானாகச் சொல்லிவிட்டேன். அப்பாவின் தலைமுறையில் யாராவது இருந்தால், அத்தையோ சித்தப்பாவோ ஊரில் பங்காளி வீட்டுப் பெரியவரோ, சுத்தம் செய்வதற்கும் பங்கு வைப்பதற்கும் முன்னால் போட்டோக்களின் பிரிண்ட்டை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போங்கள். அசலைக் கொண்டுபோக வேண்டாம், பெரிய சைஸில் நகல் எடுத்துப் போங்கள், போன் திரை அவர்களுக்குத் தெரியாது. ‘இது யார்?’ என்று மட்டும் கேட்காமல் ‘இந்த வீடு எங்கே இருந்தது, அன்றைக்கு என்ன விசேஷம், இந்தச் சங்கிலி இப்போது யாரிடம் இருக்கிறது?’ என்று கேட்டால் பேச்சு தானாக ஓடும். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான். பொருள் இன்னும் ஐந்து வருஷம் பெட்டியில் தாங்கும். வயதானவர் ஞாபகத்தை அப்படி நம்பிக் காத்திருக்க முடியாது.

நீங்கள் வீடு விற்பதால் இன்னொரு விஷயம். காகிதக் கட்டுகளுக்குள் மூலப்பத்திரம், பழைய பட்டா, பாகப்பிரிவினைப் பத்திரம், ரசீது ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் தனியாக எடுத்து, எங்கே இருந்தது என்று குறித்துவிட்டு, பதிவு முடியும்வரை கையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பத்திரத்தை லேமினேட் செய்தால் அதன் முத்திரையையும் கையெழுத்தையும் பரிசோதிப்பதே கஷ்டமாகிவிடும். கிழிந்திருந்தாலும் செல்லோடேப் ஒட்டாதீர்கள். பழைய பதிவுப் பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துச் சான்றிட்ட நகல் வாங்கலாம்.

லேமினேஷனை ஏன் இவ்வளவு எதிர்க்கிறேன் என்றால், சூட்டில் உருகும் பிளாஸ்டிக் தாளின் நாருக்குள்ளேயே இறங்கிவிடுகிறது, பிறகு பிரிக்கவே முடியாது. போட்டோவுக்கு அது இன்னும் மோசம். படத்தின் மேல் இருக்கும் ஜெலட்டின் பூச்சு சூட்டில் கெடும், பிளாஸ்டிக்கை உரித்தால் முகத்தோடு சேர்ந்து வரும். செல்லோடேப்பின் பசை சில வருஷத்தில் பழுப்பாகி மறுபக்கம் வரை ஊறிவிடும். இப்போதே ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், அப்படியே விடுங்கள்.

சரி, கடிதங்களுக்கு வருவோம். படிக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முடியும், கொஞ்சம் பழக வேண்டும். அந்தக் காலக் கையெழுத்தில் பலர் புள்ளி வைக்க மாட்டார்கள், வார்த்தைகளுக்கு நடுவே இடமும் விட மாட்டார்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, ணை, றா எல்லாம் வேறு வடிவத்தில் இருக்கும், கொம்பும் சுழியுமாக. ஆனால் கடிதத்தின் தொடக்கம் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: மேலே பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே ‘சிவமயம்’ அல்லது வேறு சாமி பெயர், பிறகு ‘இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்குக் கடிதம் எழுதவும்’ என்கிற மாதிரி ஒரு வரி. அந்த வரியில் இருப்பது என்ன என்று உங்களுக்கு முன்பே தெரியும் என்பதால், ஐயா க எப்படி எழுதுவார், வ எப்படி எழுதுவார் என்று அங்கே பிடித்துவிடலாம். ஏழெட்டுக் கடிதங்களின் முதல் வரியை மட்டும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபடும்.

தேதிதான் உங்களுக்குப் பெரிய சொத்து. நீங்கள் அனுப்பிய படங்களில் ஒரு கடிதத்தின் தலையில் ‘விஷு௵ கார்த்திகை௴ ௨௰௨௳’ என்று இருக்கிறது. ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி. ௰ என்பது பத்து, ஆகவே ௨௰௨ இருபத்திரண்டு. அறுபது வருஷச் சுற்றில் விஷு என்பது 1881-ஆகவும் இருக்கலாம், 1941-ஆகவும் இருக்கலாம், 2001-ஆகவும் இருக்கலாம். ஐயாவின் காலத்தை வைத்துப் பார்த்தால் 1941 ஏப்ரல் நடுவிலிருந்து 1942 ஏப்ரல் நடு வரை. கார்த்திகை 22 என்றால் 1941 டிசம்பர் முதல் வாரக் கடைசி. ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் முதல் தடவை குண்டு போட்டது அதே டிசம்பர் 23-ஆம் தேதி. அடுத்த மார்ச்சில் ரங்கூன் விழுந்தது, லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலிலும் நடந்தும் தப்பி வந்தார்கள். இப்போது அந்தக் கடிதத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு பர்மாவிலிருந்து எழுதிய கடிதம் எதுவும் கட்டில் இருக்கிறதா, இல்லை அதுதான் கடைசியா? கட்டின் வரிசையைக் கலைக்காதீர்கள் என்று நான் கெஞ்சுவது இதற்காகத்தான்.

பர்மாவிலிருந்து வந்த உறைகளில் தபால்தலையை வெட்டி எடுக்காதீர்கள், யாராவது ஆல்பத்துக்குக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கடிதத்தில் தேதி இல்லாவிட்டாலும் அஞ்சல் முத்திரையில் இருக்கும், யுத்த காலத்து உறை என்றால் தணிக்கை அதிகாரி பிரித்து ஒட்டிய சீட்டும் இருக்கக்கூடும். சில கார்டுகளின் மூலையில் மஞ்சள் கறை இருந்தால் அது அழுக்கு இல்லை, கல்யாணம், காதுகுத்து மாதிரி நல்ல செய்திக்கு மஞ்சள் தடவி அனுப்பியது. அதைத் துடைக்கவே கூடாது. மசி தண்ணீர் பட்டால் ஓடும், ஆகவே ஈரத்துணி எந்தக் காகிதத்துக்கும் ஆகாது. சுத்தமான, மெத்தென்ற பிரஷ் ஒன்றால் தூசியை வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள், போதும். குண்டூசி, துருப்பிடித்த கிளிப், ரப்பர் பேண்ட் மூன்றையும் எடுத்துவிடலாம். துருவோடு ஒட்டியிருந்தால் இழுக்காமல், தாளுக்கும் கிளிப்புக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றை நுழைத்துக் கழற்றுங்கள்.

கணக்கு நோட்டுகளைக் ‘கணக்குத்தானே’ என்று கடையில் போட்டுவிடாதீர்கள். லேவாதேவிக் கடையில் அடுத்தாளாக இருந்தவர் வைத்திருந்த பேரேடும் (லெட்ஜர்) ஐந்தொகையும் (வரவு செலவு இருப்புக் கணக்கு) சரித்திரம் எழுதுகிறவர்களுக்குக் கிடைப்பதற்கு அரிய சரக்கு. ரூபாய், அணா, பைசாவில் இருக்கும். 1957 ஏப்ரலில்தான் நயா பைசா வந்தது என்பதால், அணாவில் இருக்கிற நோட்டு பெரும்பாலும் அதற்கு முந்தியது. கல்யாண மொய் நோட்டு இருந்தால் அதுவும் பொக்கிஷம். யார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், யார் என்ன முறை செய்தார்கள் என்று உங்கள் சொந்தபந்தம் முழுக்க அதில் இருக்கும். அத்தையிடம் பேசும்போது அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பாதிப் பெயர்களுக்கு ஆள் கிடைத்துவிடும்.

இப்போது அந்தப் பிஸ்கட் டப்பா. புளித்த வாடை என்பது காடி வாடைதான், அசிடேட் என்கிற பிளாஸ்டிக்கால் ஆன ஃபிலிம் சிதைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஆவி மூடிய டப்பாவுக்குள் தேங்கத் தேங்க மற்ற நெகட்டிவும் சேர்ந்து கெடும். அதனால் டப்பாவிலிருந்து வெளியே எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனித் தாள் உறையில் போட்டு, காற்றோட்டமான அட்டைப்பெட்டியில் மற்ற படங்களிலிருந்து தள்ளி வையுங்கள். சுருண்டதை நிமிர்த்தாதீர்கள். சிதைவை நிறுத்த வீட்டில் வழி கிடையாது, மெதுவாக்கத்தான் முடியும், ஆகவே முதலில் ஸ்கேன் செய்ய வேண்டியது இவைதான். ஓரத்தில் ‘சேஃப்டி’ என்று ஆங்கில எழுத்தில் அச்சாகாத, 1950-க்கு முந்தைய நெகட்டிவ் ஏதாவது இருந்தால் அது நைட்ரேட் ஃபிலிமாக இருக்கலாம். அது சட்டென்று தீப்பிடிக்கும், பூஜை அறைப் பக்கமோ அடுப்படிப் பக்கமோ போகக்கூடாது, அதைத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

போட்டோக்களில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டவற்றை உரிக்க முயல வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். பழைய பிரேமின் பின்பலகையைக் கழற்றும்போது கவனம், பின்னால் முட்டுக்காக வைத்த பழைய செய்தித்தாளோ இன்னொரு படமோ இருக்கக்கூடும், அந்தச் செய்தித்தாளின் தேதியே படம் எப்போது பிரேம் போடப்பட்டது என்று சொல்லிவிடும். அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டு தனி உறையில் வையுங்கள், படத்தோடு சேர்த்து வைக்காதீர்கள், செய்தித்தாளில் அமிலம் அதிகம். காலமானவர் படத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது நம் வழக்கம். கண்ணாடி மேல் வையுங்கள், கண்ணாடி இல்லாத படத்தில் வேண்டாம். ஏற்கெனவே படத்தின் மேலேயே பட்டிருந்தால் துடைக்காதீர்கள். ஸ்டுடியோ முத்திரை அட்டையின் கீழேயோ பின்னாலோ இருக்கும், அதையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். படத்தின் பின்னால் பேனாவால் பெயர் எழுதினால் முன்பக்கம் ஊறும். மெத்தென்ற பென்சிலால் ஓரத்தில் லேசாக எழுதலாம். எண்பதுகளில் வந்த, பசைப் பக்கத்தின் மேல் பிளாஸ்டிக் மூடும் ஆல்பம் இருந்தால் முதலில் பக்கம் பக்கமாகப் படமெடுங்கள், பிறகு பல் இடுக்கில் விடுகிற நூலைப் படத்தின் அடியில் மெல்ல அறுக்கிற மாதிரி ஓட்டி எடுங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஸ்கேனரில் படத் தெளிவு 600 டிபிஐ-க்குக் குறைய வேண்டாம், நெகட்டிவுக்கு இன்னும் நிறைய வேண்டும். கோப்பின் பெயரில் நோட்டில் உள்ள எண்ணே இருக்கட்டும். மூன்று பேர் இருக்கிறீர்கள், மூன்று வீட்டிலும் ஒவ்வொரு பிரதி இருந்தால் ஒன்று போனாலும் இரண்டு மிஞ்சும். வாட்ஸப்பில் அனுப்பியதை ஒரு பிரதியாகக் கணக்கு வைக்காதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும்.

கேசட்டை இந்த மாதமே கவனியுங்கள். மேல்விளிம்பில் இரண்டு சின்னத் தாழ்கள் இருக்கும், அவற்றை முதலில் உடைத்துவிடுங்கள், தவறி யாரும் மேலே பதிவு செய்ய முடியாது. பிறகு ஜன்னல் வழியாக நாடாவைப் பாருங்கள். வெள்ளைப் பூசணம் தெரிந்தால் வீட்டு டேப்ரெக்கார்டரில் போடவே கூடாது, தெரிந்த ஆளிடம் கொடுங்கள். சுத்தமாக இருந்தாலும் பல வருஷம் ஓடாத நாடாவை, முதலில் வேறு ஒரு வேண்டாத கேசட்டைப் போட்டு இயந்திரம் நாடாவை மெல்லாமல் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். ஒரே ஓட்டத்தில் கணினிக்கு ஏற்றிவிடுங்கள், எம்பி3-ஆக மட்டும் இல்லாமல் வேவ் கோப்பாகவும் வையுங்கள். தாலாட்டில் மாமன் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் வரும், கேட்டு வரி வரியாக நோட்டில் எழுதுங்கள்.

ஓலைச்சுவடிக்கு வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். நல்லெண்ணெய் தடவு, மஞ்சள் பூசு, எழுத்து தெரிய இலைச்சாறு தேய் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஒட்டியிருக்கும் ஓலையைக் கத்தி வைத்துப் பிரிக்க வேண்டாம், அறுந்த கயிற்றுக்குப் பதில் ரப்பர் பேண்ட் போட வேண்டாம். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி வைத்து முதல் சில ஓலைகளைப் படமெடுத்தால் கீறிய எழுத்து நிழலில் தெரியும். வெளுத்த பருத்தித் துணியில், மேலும் கீழும் உள்ள சட்டப் பலகையோடு சேர்த்துச் சுற்றி வையுங்கள். என்ன சுவடி என்று தெரிய, சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சையில் சரசுவதி மகால் நூலகம், தமிழ்ப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்குப் படங்களோடு எழுதிக் கேளுங்கள். ஜாதகமாகவோ வைத்தியமாகவோ நிலக்கணக்காகவோ இருக்கலாம். எலுமிச்சைப்புல் தைலப் பூச்சு போன்றவற்றை அவர்களைப் போன்ற பழகிய கைகள்தான் செய்ய வேண்டும்.

தங்கையிடம் இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்லுங்கள். 1972 தொல்பொருள், கலைப்பொக்கிஷச் சட்டப்படி, நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஓவியம், சிற்பம், கைவினைப் பொருள் முதலியவற்றையும், அறிவியல், சரித்திர, இலக்கிய மதிப்புள்ள எழுபத்தைந்து வருஷத்துக்கு மேற்பட்ட சுவடியையும் ஆவணத்தையும் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. குடும்பச் சொத்து, விற்கப் போவதில்லை என்றாலும் சட்டம் அதேதான். விமான நிலையத்தில் பறிமுதல் ஆனால் அதைத் திரும்பப் பார்ப்பது கஷ்டம். தஞ்சாவூர்ப் படத்துக்கு அவ்வளவு வயது இல்லை என்று தோன்றினால், இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, இது தொல்பொருள் அல்ல என்று சான்று வாங்கிக்கொண்டு கொண்டுபோகலாம். படத்தைத் தண்ணீர் தொட்டுத் துடைக்கக் கூடாது. சுண்ணாம்பு மாவும் பசையும் மேல் தங்க ரேக்குமாக இருப்பது, ஈரம் பட்டால் பெயர்ந்துவிடும். விளக்குப் புகை படாத, மழை ஊறாத உள்சுவரில் மாட்டுங்கள். சுவடி இங்கேயே இருக்கட்டும், தங்கைக்கு நல்ல ஸ்கேன் போகட்டும்.

கூறைப்புடவையைப் பிளாஸ்டிக் கவரிலிருந்து இன்றே எடுங்கள். பட்டு வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டில்தான் அறும், ஆகவே மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாற்ற வேண்டும். கஞ்சி போடாத, துவைத்துத் துவைத்துப் பழகிய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றுங்கள். ஜரிகை கறுத்திருந்தால் பாலிஷ் எதுவும் போட வேண்டாம், அந்தக் காலத்து ஜரிகையில் வெள்ளி உண்டு, வெள்ளி கறுக்கத்தான் செய்யும். ‘பழைய பட்டுப்புடவை வாங்குகிறோம்’ என்று வீட்டுக்கு வருகிறவர்கள் அந்த வெள்ளிக்காகத்தான் வருகிறார்கள், புடவையை எரித்துவிட்டு வெள்ளியை எடுப்பார்கள். கண்டாங்கிச் சேலைகள் இருந்தால் கஞ்சியை அலசி நிழலில் நன்றாகக் காயவைத்து வையுங்கள், கஞ்சி இருந்தால் இராமபாணப் பூச்சி வரும்.

அண்ணனுக்கு ஒரு வார்த்தை. பாத்திரங்களை எடைக்குப் போடும் முன் ஒவ்வொன்றின் விளிம்பையும் கழுத்தையும் டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாக உளியால் வெட்டிய எழுத்துகள் இருக்கும்: வீட்டு விலாசத்தின், அதாவது குடும்பப் பெயரின், முதலெழுத்து, யார் பெயருக்குக் கொடுத்த சீர் என்பது, சிலதில் வருஷமும். மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எழுத்து தாளில் வந்துவிடும், அந்தத் தாளும் நோட்டுக்குள் போகட்டும். அந்த எழுத்து இருக்கும் பாத்திரங்களைப் புளியும் பொடியும் போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் எழுத்து கொஞ்சம் தேயும். எழுத்தில்லாத பெரிய அண்டாவும் தவலையும் நிறைய இருந்தால், படம் எடுத்துவிட்டு அண்ணன் சொல்கிறபடி போடலாம். எல்லாவற்றையும் மதுரை பிளாட்டில் வைக்க இடம் ஏது? ஈயச்சொம்பு இருந்தால் அலங்காரமாக வையுங்கள். கலப்பு என்ன என்று தெரியாமல் அதில் ரசம் வைக்காதீர்கள்.

வைக்கிற இடம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பரண் வேண்டாம், வெயில் காலத்தில் அங்கே வேகும். தரையிலும் வேண்டாம், கரையான் வரும், தண்ணீரும் வரும். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்த்தளத்து வீடுகளில் ஆல்பங்கள் ஊறிப்போனது நினைவிருக்கும், ஆகவே யார் வீட்டில் வைப்பதானாலும் மாடியில். படுக்கையறை பீரோவின் நடுத்தட்டு நல்ல இடம், வெளிச்சுவரை ஒட்டாமல் இருந்தால் இன்னும் நல்லது. அந்துருண்டை போடாதீர்கள், அதன் ஆவி மூச்சுக்கும் ஆகாது, பிளாஸ்டிக் ஃபிலிமுக்கும் ஆகாது. வசம்பைச் சின்னத் துணி முடிச்சில் கட்டி, பொருளில் படாமல் மூலையில் வைக்கலாம். அது பூச்சி வராமல் தடுக்க உதவும், ஏற்கெனவே இருக்கும் பூச்சியைக் கொல்லாது. பூச்சி அரிப்பு புதிதாகத் தெரியும் நோட்டுகளைக் காற்றுப் புகாத பாலித்தீன் பையில் கட்டி டீப் ஃபிரீசரில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்த பின் ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்காமல் விட்டால் பூச்சியும் முட்டையும் சாகும். போட்டோ, ஓவியம், ஓலைக்கு இதைச் செய்ய வேண்டாம். ஐப்பசி கார்த்திகை மழை முடிந்ததும் ஒரு காய்ந்த நாளில் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்து, நிழலில் காற்றாட வைத்து, நோட்டோடு சரிபார்த்துத் திரும்ப அடுக்குங்கள்.

பங்கு வைப்பது கடைசி. மூன்று பேரும் நோட்டை வைத்துக்கொண்டு உட்காருங்கள், பொருளைப் பார்த்து அல்ல. புடவை ஒருவர், பாத்திரம் ஒருவர், படம் ஒருவர் என்று போகலாம், அதில் தவறில்லை. ஆனால் கடிதக் கட்டையும் கணக்கு நோட்டுகளையும் மூன்றாகப் பிரிக்க வேண்டாம், யாராவது ஒருவர் முழுதாக வைத்துக்கொள்ளட்டும். யாருக்கும் இடமில்லை என்றால் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே, கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த புத்தகங்களும் நோட்டீசும் அழைப்பிதழும்தான் அந்த நூலகத்துக்கு வித்து. கொடுப்பதானால், என்ன கொடுத்தோம், யார் பார்க்கலாம், நமக்கு நகல் உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, நோட்டின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.

எறியலாமா என்றால், எறியலாம். ஒரே படத்தின் நாலைந்து பிரிண்ட், பெயர் எதுவும் இல்லாத வாழ்த்து அட்டை, மின்சார ரசீதுக் கட்டு (வருஷத்துக்கு ஒன்று வைத்துக்கொண்டு), உளுத்துப்போன பெட்டி, இதெல்லாம் எண் போட்டுப் படமெடுத்த பிறகு போகட்டும். தெரியாத முகங்கள் இருக்கிற படங்களை மட்டும் இப்போது எறியாதீர்கள், அத்தையிடமும் பங்காளி வீட்டிலும் காட்டி முடிக்கும்வரை இருக்கட்டும். அந்தச் சாவியை, வீட்டைப் பூட்டிக் கொடுப்பதற்கு முன்னால், மரப்பெட்டியிலும் சுவர் அலமாரிகளிலும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். திறந்தால் எந்தப் பூட்டு என்று முடிச்சு 1-க்கு நேராக எழுதி எனக்கும் ஒரு வரி போடுங்கள்.